80% ஃபர்னஸா, 95% ஃபர்னஸா? 2028 விதியைக் காட்டி அவசரப்படுத்துகிறார்கள்

எடிசன்வாசி:

வணக்கம். நியூஜெர்சியில் டவுன்ஹவுஸ், வரிசையில் நடுவீடு. பேஸ்மெண்ட் நீங்கலாக 1,900 சதுர அடி. பேஸ்மெண்டில் இருக்கும் கேஸ் ஃபர்னஸ் (டக்ட் வழியாக வீடு முழுக்கச் சூடான காற்று அனுப்பும் கருவி) 2001-இல் வைத்தது. இன்புட், அதாவது மணிக்கு எரிக்கும் கேஸின் வெப்பம், 1,00,000 பி.டி.யூ.; 80% வகை, அதாவது அதில் 80 பங்குதான் வீட்டுக்குச் சேரும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (எரியும் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பகுதி) துரு ஏறிவிட்டது, அடுத்த குளிருக்குள் மாற்றியாக வேண்டும். ஃபர்னஸின் புகைக்குழாயும் 40 கேலன் கேஸ் வாட்டர் ஹீட்டரின் குழாயும் சேர்ந்து ஒரே 6 அங்குல பி-வென்ட் (இரட்டைச் சுவர் உலோகப் புகைக்குழாய்) வழியாகக் கூரைக்கு மேல் போகின்றன. ஏ.சி. 3 டன், 2019-இல் வாங்கியது, நன்றாக ஓடுகிறது.

இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. முதல் காண்ட்ராக்டர் அதே 1,00,000 அளவில் இன்னொரு 80% வைத்துவிடலாம், 2028-க்குப் பிறகு இது கிடைக்காது, இந்த மாதமே முடிவு செய்யுங்கள் என்கிறார். இரண்டாமவர் 80,000 இன்புட், 96%, இரண்டு ஸ்டேஜ் (குறைவாக, முழுதாக என இரண்டு அளவில் எரிவது) என்கிறார். முன்சுவர் வழியாக பி.வி.சி. குழாய். 80 வைத்தால் 2028-க்குப் பிறகு ரிப்பேர் செய்யவே சட்டம் விடாது, 96 வைத்தால் மத்திய அரசின் வரிச்சலுகை உண்டு என்பது அவர் வாதம். இரண்டுக்கும் வித்தியாசம் 2,600 டாலர்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? 96-க்குப் போனால் வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டிவரும்? கணக்குக்கு உதவும் என்றால்: கடந்த ஜனவரி பில்லில் 160 தெர்ம் (கேஸை அளக்கும் அலகு), கோடையில் மாதம் 20 தெர்ம், ஆண்டு மொத்தம் 840 தெர்ம். ஒரு தெர்ம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1.50 டாலர்.


தணல்:

இருவரும் பாதி உண்மை சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதிதான் உங்கள் பணத்தைத் தின்னும், அதனால் சட்டப் பகுதியை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் வீட்டு கேஸ் ஃபர்னஸுக்குக் குறைந்தபட்சத் திறன் 1992-இல் 78% ஆனது, 2015 நவம்பரில் 80% ஆனது. நடுவில், 2011-இல், வட மாநிலங்களுக்கு மட்டும் 90% என்று ஒரு விதி வந்தது. கேஸ் வினியோக அமைப்புகள் வழக்குப் போட்டன, 2014-இல் அது கைவிடப்பட்டது. பிறகு 2023 டிசம்பரில் எரிசக்தித் துறை வெளியிட்டதுதான் இப்போது எல்லாரும் பேசும் விதி: 95%, நாடு முழுவதற்கும், 2028 டிசம்பர் 18 முதல். இதன் மேலும் வழக்கு நடந்தது. 2025 நவம்பரில் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. அரசியல் காற்று மாறினால் தேதியும் மாறலாம் என்பதை இதுவரை நடந்ததே காட்டுகிறது. காலண்டரைப் பார்த்து ஃபர்னஸ் வாங்காதீர்கள்.

இந்த விதி பிடிப்பது உற்பத்தித் தேதியை. அந்த நாளிலிருந்து தயாரிக்கப்படும், அல்லது அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகும் ஃபர்னஸ் 95% இருக்க வேண்டும். அதற்கு முன் தயாரித்துக் கிடங்கில் இருப்பதை விற்கலாம், பொருத்தலாம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை யாரும் கழற்றச் சொல்ல முடியாது. பற்றவைக்கும் இக்னைட்டர், ஃபிளேம் சென்சார், கேஸ் வால்வு, இண்டியூசர் மோட்டார், கன்ட்ரோல் போர்டு எதை மாற்றினாலும் அது ரிப்பேர்; இந்த விதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. "ரிப்பேர் செய்யச் சட்டம் விடாது" என்றவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார்.

வரிச்சலுகையும் முடிந்துவிட்டது. 97% அல்லது அதற்கு மேல் உள்ள கேஸ் ஃபர்னஸுக்கு 600 டாலர் வரை, ஹீட் பம்புக்கு 2,000 டாலர் வரை இருந்த மத்திய அரசின் சலுகை 2025 டிசம்பர் 31-க்குள் பொருத்தி ஓடத் தொடங்கியவற்றுக்கு மட்டும்தான். அவர் சொல்லும் 96% மாடல் சலுகை இருந்த காலத்திலேயே தகுதி பெற்றிருக்காது. உங்கள் கேஸ், மின்சார நிறுவனங்களின் ரிபேட் தனி விஷயம். அதை நிறுவனத்தின் தளத்திலேயே நேராகப் பாருங்கள். பெரும்பாலும் ஃபர்னஸ் மாடலின் ஏ.எச்.ஆர்.ஐ. (சாதனங்களின் திறனைச் சான்றளிக்கும் அமைப்பு) சான்றிதழ் எண் கேட்பார்கள், அதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று: கடையில் 80 இருக்கும், 92 இருக்கும், 96 இருக்கும், 86 இருக்காது. காரணம் இயற்பியல். 80 சொச்சம் வரை புகை போதிய சூட்டோடு வெளியேறுகிறது, அதிலுள்ள ஈரம் ஆவியாகவே போய்விடும். அதற்கு மேல் சூட்டை உறிஞ்சினால் ஈரம் குழாயிலேயே தண்ணீராகி, அமிலமாக உலோகத்தை அரிக்கும். எனவே ஒன்று 80 சுற்றில் நிறுத்த வேண்டும், அல்லது தண்ணீர் வடிவதை ஏற்றுக்கொண்டு, துருப்பிடிக்காத இரண்டாவது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து 90-ஐத் தாண்டிவிட வேண்டும். ஆகவே 80-லிருந்து 95 என்பது அதே வகைப் பெட்டியில் நல்லதாக ஒன்று வாங்குவது அல்ல. புகை, தண்ணீர், குழாய் எல்லாமே வேறாகும் வேறொரு இயந்திரம்.


குழாய்க்காரர்:

தணல் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் செலவும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன.

80% ஃபர்னஸின் புகை 300 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். தன் சூட்டிலேயே பி-வென்ட்டில் ஏறிப் போய்விடும். 95% ஃபர்னஸின் புகை 100, 120 டிகிரிதான், நனைந்திருக்கும், தானாக ஏறாது. விசிறி தள்ள வேண்டும், குழாய் பி.வி.சி. ஆக இருக்க வேண்டும். உங்கள் பி-வென்ட்டில் அதைச் செருகவே கூடாது.

இரண்டு குழாய் போடச் சொல்லுங்கள்: ஒன்று புகை வெளியேற, ஒன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்க. ஒற்றைக் குழாய் போட்டு எரிவதற்கான காற்றைப் பேஸ்மெண்டிலிருந்தே எடுக்கலாம் என்று செலவைக் குறைப்பார்கள். பக்கத்திலேயே வாஷிங் மெஷினும் பிளீச்சும் இருந்தால் அந்தக் குளோரின் ஆவி உள்ளே போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரை அரிக்கும். இரண்டு குழாய் போட்டால் அந்தக் கவலை இல்லை, வீட்டுக் காற்றும் எரிபாதையும் ஒன்றோடொன்று கலப்பதும் இல்லை. பாதுகாப்புக்காக நான் 95-ஐ விரும்புவதற்கு இதுதான் முதல் காரணம்.

புகைக்குழாய் ஃபர்னஸை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். குழாயில் வடியும் தண்ணீர் திரும்பி ஃபர்னஸின் டிராப்புக்கு (வடிநீர் சேரும் பகுதி) வரவேண்டும் என்பதற்காக. தாங்கிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டால் நடுவில் தொய்வு விழும், அங்கே தண்ணீர் தேங்கிக் களகளவென்று சத்தம் வரும், பிறகு புகைப்பாதையின் அழுத்தத்தைக் கவனிக்கும் பிரஷர் சுவிட்ச் திறந்து ஃபர்னஸ் நின்றுவிடும். ஜனவரி நடுராத்திரியில் நிற்கும் புது ஃபர்னஸ்களில் பல இப்படித்தான். பெட்டியில் கோளாறே இருக்காது.

முனை எங்கே வெளிவருகிறது என்பது நடுவீட்டுக்குப் பெரிய கேள்வி. உங்களுக்கு முன்சுவரும் பின்சுவரும் மட்டும்தான். நேரடியாக வெளிக்காற்றை எடுக்கும் ஃபர்னஸ் என்றால் ஜன்னல், கதவிலிருந்து 9 அங்குலம், இன்புட் 50,000-க்கு மேல் என்றால் 12 அங்குலம். வழக்கமாகப் பனி தேங்கும் உயரத்துக்கு மேல் 12 அங்குலம். கேஸ் மீட்டரின் ரெகுலேட்டரிலிருந்து 3 அடியாவது தள்ளி. ஃபர்னஸின் கையேடோ ஊர் விதியோ இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். குளிரில் முனையிலிருந்து வெண்ணிறப் புகை கொட்டும். நடைபாதை மேல் விட்டால் கீழே ஐஸ் படியும். டவுன்ஹவுஸ் சங்கத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சுவரில் ஓட்டை போட்ட பிறகு அடைக்கச் சொன்னால் அந்தச் செலவு உங்களுடையது.

அடுத்தது வாட்டர் ஹீட்டர். இரண்டு கொட்டேஷனிலும் இதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? ஃபர்னஸ் பி-வென்ட்டை விட்டுப் போனதும், இருவர் சேர்ந்து சூடாக்கிய குழாயில் வாட்டர் ஹீட்டர் தனியாக நிற்கும். குழாய் அதற்குப் பெரிதாக இருந்தால் புகை வழியிலேயே ஆறி ஈரமாகும். மோசமான நாளில் மேலே போகாமல் பேஸ்மெண்டிலேயே இறங்கும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். பொதுவான வரம்பு: குழாயின் குறுக்குப் பரப்பு, ஹீட்டரின் டிராஃப்ட் ஹுட் (தலைமேல் உள்ள புகைக் கூம்பு) வாயைப்போல் ஏழு மடங்குக்கு மேல் போகக் கூடாது. 3 அங்குல வாய் என்றால் 7 சதுர அங்குலம், ஏழு மடங்கு 49. உங்கள் 6 அங்குல பி-வென்ட் 28 சதுர அங்குலம்தான். பரப்பளவில் தப்பிக்கிறது. இருந்தாலும் குழாயின் உயரம், பக்கவாட்டு நீளம் இரண்டையும் வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும், கூரைக்கு அடியில் உள்ள குளிர்ந்த பரணின் வழியாக எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேலை முடிந்த அன்று கதவு ஜன்னலை மூடி, பாத்ரூம் விசிறி, சமையலறை விசிறி, டிரையர் எல்லாம் ஓடவிட்டு, ஹீட்டரை எரியவைத்து 5 நிமிடம் கழித்து டிராஃப்ட் ஹுட் அருகே புகை காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும், வெளியே தள்ளப்படக் கூடாது.

பி-வென்ட் இல்லாமல் வெளிச்சுவரில் செங்கல் சிம்னி இருக்கும் பழைய வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு இன்னும் கவனம் தேவை. வெளிச்சுவர்ச் சிம்னி எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். தனித்து நிற்கும் வாட்டர் ஹீட்டருக்கு உள்ளே உலோக லைனர் இறக்காமல் விடக்கூடாது. அந்தச் செலவு 95% கொட்டேஷனில் சேர்ந்தே வரவேண்டும்.

மூன்றாவது வடிநீர். கடுங்குளிர் நாளில் 4, 5 கேலன்கூட வரும், அமிலத்தன்மை பி.எச். 3, 4 சுற்றில். தரை வடிகால் பக்கத்தில் இருந்தால் அதற்குள் விடலாம். இல்லையென்றால் சிறிய பம்பும் அதற்கொரு பிளக் பாயிண்ட்டும் வேண்டும். பம்பின் ஓவர்ஃப்ளோ சுவிட்சை ஃபர்னஸோடு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்பு நின்ற அன்று தரையெல்லாம் தண்ணீர். வார்ப்பிரும்பு வடிகால் என்றால் நடுவில் சுண்ணாம்புக்கல் போட்ட நியூட்ரலைசர் குழாய்; கல் கரையும், ஆண்டுக்கொருமுறை பார்த்து நிரப்ப வேண்டும். வடிகுழாயைச் சூடில்லாத கராஜ் வழியாகவோ வெளிச்சுவர் வழியாகவோ கொண்டுபோனால் உறையும், ஃபர்னஸ் நிற்கும்.


அளவுகோல்:

1,00,000-மும் வேண்டாம், 80,000-மும் வேண்டாம். உங்கள் பில்லே சொல்கிறது, பாருங்கள்.

ஜனவரி 160 தெர்மில் சமையல், வெந்நீருக்கு 20 கழித்தால் 140. ஒரு தெர்ம் 1,00,000 பி.டி.யூ. பழைய ஃபர்னஸ் 80% என்றால் வீட்டுக்குள் வந்தது 1 கோடியே 12 லட்சம் பி.டி.யூ. அந்த பில் காலத்துக்கான ஹீட்டிங் டிகிரி டே எண்ணிக்கையை (ஒவ்வொரு நாளும் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு எவ்வளவு கீழே குளிர்ந்தது என்பதன் கூட்டல்) உங்கள் ஊர் வானிலைத் தரவில் எடுங்கள். இங்கே 900 என்று வைக்கிறேன். 900-ஆல் வகுத்து, பிறகு 24-ஆல் வகுத்தால் மணிக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், சுமார் 518 பி.டி.யூ. உள்ளே 70, வெளியே 14 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வடிவமைப்புக் குளிரை எடுத்தால் வித்தியாசம் 56. பெருக்கினால் சுமார் 29,000. உங்கள் வீடு கடுங்குளிரில் கேட்பது அவ்வளவுதான். இருபுறமும் பக்கத்து வீட்டுச் சூடு இருக்கும் நடுவீட்டுக்கு இது வியப்பே இல்லை.

தேர்வுக்கான வழக்கமான உச்சவரம்பு, தேவையின் 140%. அதாவது சுமார் 40,000 அவுட்புட். 40,000 இன்புட், 95% ஃபர்னஸ் தருவது 38,000. போதும். காண்ட்ராக்டர் சொல்லும் 80,000 இரண்டு ஸ்டேஜ் பெட்டியில் கீழ் ஸ்டேஜ் 65% என்றால்கூட இன்புட் 52,000, அவுட்புட் ஏறத்தாழ 50,000. சின்ன ஸ்டேஜே வீட்டுக்குப் பெரிது என்றால் இரண்டு ஸ்டேஜுக்கு எதற்குப் பணம்? அளவுக்கு மீறிய ஃபர்னஸ் சில நிமிடம் கொதித்துச் சட்டென்று நிற்கும். மாடியில் ஒரு அறை புழுங்கும், இன்னொன்று குளிரும். கண்டென்சிங் வகையில், அதாவது தண்ணீர் வடியும் 90-க்கு மேற்பட்ட வகையில், இன்னொரு நட்டமும் உண்டு: அடிக்கடி நின்று எழுந்தால் பெட்டியில் அச்சடித்த 96 உங்கள் வீட்டில் கிடைக்காது.

இது பில்லை வைத்துப் போட்ட கணக்கு. அறை அறையாகப் போடும் மானுவல் ஜே என்ற சூட்டுத் தேவைக் கணக்கைக் காண்ட்ராக்டரிடம் கேளுங்கள். "சதுர அடிக்கு 40 பி.டி.யூ." என்று வாயால் சொன்னால் அது கணக்கல்ல.

இப்போது பணம். ஆண்டு 840-இல் 240 கழித்தால் சூட்டுக்கு 600 தெர்ம். அதே சூட்டை 95% ஃபர்னஸ் 505 தெர்மில் தந்துவிடும். மிச்சம் 95 தெர்ம், உங்கள் விலையில் 142 டாலர். 2,600 டாலர் திரும்ப 18 ஆண்டு. 95-லிருந்து 97-க்கு ஏறினால் கூடுதலாக 10 தெர்ம், 15 டாலர். எனவே 97, 98 என்று மேலே மேலே காட்டுவதற்கு மயங்க வேண்டாம். 80,000 இரண்டு ஸ்டேஜை விட்டு 40,000 ஒற்றை ஸ்டேஜ் 95-க்குப் புது விலை கேட்டால் அந்த 2,600 குறையும், கணக்கும் மாறும்.


எடிசன்வாசி:

மூவருக்கும் நன்றி. ஃபர்னஸ் இருக்கும் இடத்திலிருந்து முன்சுவருக்கு 32 அடி, நான்கு வளைவு வரும். பேஸ்மெண்டின் பாதிக்கு ஜிப்சம் சீலிங் போட்டிருக்கிறது. அப்புறம், 40,000 ஃபர்னஸின் விசிறி 3 டன் ஏ.சி.க்குப் போதுமா?


அளவுகோல்:

நல்ல கேள்வி. இதைக் காட்டித்தான் பெரிய ஃபர்னஸைத் தலையில் கட்டுவார்கள். டன்னுக்கு 350 முதல் 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) காற்று, ஆக 3 டன்னுக்கு 1,050 முதல் 1,200. 40,000 இன்புட் பெட்டிகளில் 3 டன் விசிறியோடு வரும் மாடல்களும் உண்டு, 2 டன் விசிறியோடு வருபவையும் உண்டு. மாடல் எண்ணை வைத்து விசிறி அட்டவணையில் 0.5 அங்குல நீர் அழுத்தத்தில் எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் 60,000 வரை ஏறுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

விசிறிக்கும் ஒரு விதி இருக்கிறது, அது 2019 ஜூலை 3 முதலே நடப்பில் உள்ளது. அதனால் புது ஃபர்னஸ் எதை எடுத்தாலும் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஈ.சி.எம். (மின்னணுக் கட்டுப்பாட்டு) மோட்டார்தான், 80 வகையிலும். பழைய மோட்டார் காற்றுப்பாதை அடைபட்டால் மெதுவாகும். ஈ.சி.எம். அப்படியல்ல, விலை கூடிய வகை காற்றைக் குறையவிடாமல் இன்னும் வேகமாகச் சுற்றி, கூடுதல் மின்சாரம் இழுத்து, இரைச்சல் போடும். 1 அங்குலத் தடிப்பில் நெருக்கமான மெர்வ் 13 ஃபில்டர் போட்டு மோட்டாரை வதைப்பதைவிட 4 அங்குல ஃபில்டர் கேபினெட் வைத்துவிடுங்கள். காற்று ஃபர்னஸுக்குத் திரும்பும் ரிட்டர்ன் டக்ட் சிறிதாக இருந்தால் இப்போதே இன்னொன்று சேர்ப்பதுதான் மலிவு.

பெட்டியின் அகலத்தையும் கேளுங்கள். பழைய 1,00,000 ஃபர்னஸ் 21 அங்குலம் இருக்கலாம், புது 40,000 பெரும்பாலும் 14.5 அல்லது 17.5 அங்குலம். மேலே உட்காரும் ஏ.சி. காயிலோடு சேர்க்கத் தகட்டில் டிரான்சிஷன் (இணைப்புத் துண்டு) செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் இடுக்கை டேப் ஒட்டி மூடினால் காற்று கசிந்துகொண்டே இருக்கும். ஏ.சி. 2019 என்றால் ஆர்-410ஏ வாயுவாக இருக்கும். 2025 முதல் தயாராகும் புது வீட்டு ஏ.சி.கள் வேறு வாயுவுக்கு மாறிவிட்டன, பழைய காயிலோடு சேராது. காயிலும் கண்டென்சரும் நன்றாக இருக்கும்போது ஃபர்னஸைச் சாக்காக வைத்து ஏ.சி.யையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.


குழாய்க்காரர்:

32 அடிக்கு அடிக்குக் கால் அங்குலம் என்றால் 8 அங்குலச் சரிவு. சுவரில் முனை ஃபர்னஸ் பக்கத்தைவிட 8 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். ஜிப்சம் சீலிங்குக்கு மேல் ஜாயிஸ்ட் (தளத்தைத் தாங்கும் விட்டம்) ஓடும் திசையைப் பாருங்கள். குழாய் அதே திசையில் ஓடினால் இடுக்கிலேயே போகலாம், குறுக்கே என்றால் சீலிங்குக்குக் கீழே பெட்டி கட்ட வேண்டியிருக்கும். எட்டு அங்குலத்துக்கு இடமில்லை என்று சரிவைக் குறைத்துக்கொள்வதுதான் நடக்கும் தவறு.

வளைவு ஒவ்வொன்றையும் நேர்க்குழாயாக மாற்றிக் கணக்கிட வேண்டும். கையேட்டில் ஒரு வளைவுக்கு 5 அடி என்று இருந்தால் உங்களுடையது 32 கூட்டல் 20, 52 அடி. முனைக்கு இன்னும் கொஞ்சம். 40,000 ஃபர்னஸுக்கு 2 அங்குலக் குழாய் அவ்வளவு தூரம் தாங்குமா, 3 வேண்டுமா என்பதை அந்த மாடலின் அட்டவணைதான் முடிவு செய்யும். சிறிய ஃபர்னஸ் எடுப்பதில் இதுவும் ஒரு ஆதாயம், சிறிய குழாயிலேயே தூரம் போகலாம்.

வேறொரு வழியும் இருக்கிறது. வாட்டர் ஹீட்டருக்கும் வயதாகிவிட்டது என்றால் அதை ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டராக (அறைக் காற்றின் சூட்டை எடுத்து மின்சாரத்தில் ஓடும் வகை) மாற்றுங்கள். பி-வென்ட்டுக்கு வேலை இல்லாமல் போகும், அதே செங்குத்துப் பாதையில் பி.வி.சி. குழாய்களைக் கூரைக்கு ஏற்றலாம். முன்சுவரும் தப்பிக்கும், சங்கத்தோடு பேச்சும் எளிதாகும். 240 வோல்ட் சர்க்யூட் பேஸ்மெண்டுக்கு வர வேண்டும், அறையில் காற்றுக்கு இடமும் வேண்டும். பி-வென்ட்டில் வேறு எந்தச் சாதனமும் புகை விடக்கூடாது என்பது கட்டாயம்.

இரண்டு பாதையும் அமையாவிட்டால் 40,000 அல்லது 45,000 இன்புட் 80% வைத்துக்கொள்ளுங்கள். 45,000-த்தில் அவுட்புட் 36,000, உங்கள் 29,000-க்குப் போதும். சட்டப்படியும் சரி, பாதுகாப்பும் சரி. சிறிய ஃபர்னஸ் சேரும்போது 6 அங்குல பி-வென்ட்டை மறுபடி அட்டவணையில் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். 95-ஐத் திணித்துத் தவறாகக் குழாய் போடுவதைவிட ஒழுங்காகப் போட்ட 80 எத்தனையோ மேல்.


ஸ்காபரோ பனி:

கனடாவிலயிருந்து வாசிக்கிற ஆக்களுக்காக எழுதிறன். இஞ்ச இது பழைய கதை. 2009 டிசம்பர் கடைசியில 90% ஆக்கினவை, 2019 ஜூலை 3க்குப் பிறகு தயாரிக்கிற கேஸ் ஃபேர்னஸ் 95% இருக்கவேணும். அதால ஒன்ராறியோவில 80ஓ 95ஓ எண்ட கேள்வியே இல்லை. மிச்சம் எல்லாம் குழாய்க்காரர் சொன்னதுதான்: குழாய், வடிதண்ணி, தனிச்சுப்போன வோட்டர் ஹீற்றர்.

குழாயில ஒரு வித்தியாசம் இருக்கு. சாதாரண வெள்ளைக் குழாய் இஞ்ச புகைக்குப் பாவிக்கேலாது, புகைக்கெண்டு சான்று பெற்ற, எஸ்636 எண்டு அச்சடிச்ச பி.வி.சி.யும் அதே கொம்பனியின்ர பசையும் வேணும். குழாயில அந்த எழுத்து இருக்கோ எண்டு நீங்களே பாருங்கோ. வெளிமுனை நிலத்தில இருந்து 12 அங்குலம் எண்டு ஆகக்குறைஞ்சதில நிக்காதேங்கோ. காத்து பனியைக் குவிக்கிற பக்கம் எண்டால் இன்னும் உயர்த்தச் சொல்லுங்கோ. காத்து இழுக்கிற இன்ரேக் மூடுப்பட்டால் ஃபேர்னஸ் நிண்டிடும்; பனி கொட்டின உடன முதல் வேலை அந்த முனையைத் துப்புரவாக்கிறது.

முக்கியமான விசயம்: "அரசாங்கம் புதுச் சட்டம் போட்டிருக்கு, உங்கட ஃபேர்னஸ் சட்டத்துக்குள்ள இல்லை" எண்டு கதவு தட்டிறவையை நம்பாதேங்கோ. வீட்டுக்குள்ள ஓடுறதுக்குக் கனடாவிலயும் அப்பிடி ஒரு சட்டம் இல்லை. 2018 மார்ச் 1 தொடக்கம் ஒன்ராறியோவில கூப்பிடாமல் வீட்டை வந்து ஃபேர்னஸ், ஏ.சி., வோட்டர் ஹீற்றர் ஒப்பந்தம் எழுதிறதே தடை. வாடகைக்கு எண்டு கையெழுத்து வாங்கி வீட்டுக் காணிப் பதிவில கடன் பொறுப்புப் போட்டு, விக்கிற நேரம் பத்தாயிரக்கணக்கில கேட்டதால கஷ்டப்பட்ட வயசான ஆக்கள் கனபேர். அந்தப் பதிவு முறையை 2024 ஜூனில ஒன்ராறியோ நிப்பாட்டினது. அம்மா அப்பா தனிய இருக்கிற வீடெண்டால் இதை அவைக்கு இண்டைக்கே சொல்லிவையுங்கோ. வாறவரிட்ட டி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவின்ர பாதுகாப்பு அமைப்பு) கேஸ் லைசென்ஸ் கேளுங்கோ, ஜி1 அல்லது ஜி2.


எடிசன்வாசி:

வாட்டர் ஹீட்டருக்கு 12 வயது. ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர், கூரை வழியாக பி.வி.சி., 40,000 இன்புட் 95% என்று புதிதாக மூன்று பேரிடம் விலை கேட்கப் போகிறேன். கொட்டேஷனில் என்னென்ன எழுதி வாங்க வேண்டும், முடிந்த அன்று என்ன பார்க்க வேண்டும்?


தணல்:

எழுத்தில்: ஃபர்னஸின் முழு மாடல் எண்ணும் ஏ.எச்.ஆர்.ஐ. எண்ணும், மானுவல் ஜே கணக்கின் நகல், பெர்மிட் யார் எடுப்பது, குழாயின் விட்டமும் பாதையும், வடிநீர் எங்கே போகிறது, காயில் டிரான்சிஷன், பழைய பி-வென்ட்டை எடுப்பது அல்லது அடைப்பது, கூரை ஓட்டைக்கு ஃபிளாஷிங் (மழைநீர் தடுக்கும் தகடு). "தேவைப்பட்டால் கூடுதல்" என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். உதிரிபாக வாரண்டி 10 ஆண்டு என்பது பல நிறுவனங்களில் குறித்த நாளுக்குள் பதிவு செய்தால்தான், இல்லையென்றால் 5. அதை நீங்களே செய்யுங்கள்.

முடிந்த அன்று நான்கு எண் கேளுங்கள், தாளில் எழுதி வாங்குங்கள். உள்ளே வரும் கேஸ் அழுத்தம், மற்ற கேஸ் சாதனங்கள் எரியும்போது. மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது பர்னருக்குப் போகும் கேஸின் அழுத்தம், இயற்கை எரிவாயுவுக்கு வழக்கமாக 3.5 அங்குல நீர். டக்ட்டின் மொத்த ஸ்டாட்டிக் அழுத்தம், பெயர்ப் பலகையில் உள்ள உச்சத்துக்குள். ரிட்டர்னுக்கும் சப்ளைக்கும் உள்ள வெப்ப ஏற்றம், பலகையில் 35 முதல் 65 என்று இருந்தால் அதன் நடுவே. ஏற்றம் மேலே போனால் காற்று போதவில்லை என்று பொருள், சூடு மீறினால் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் அடிக்கடி விழும், ஹீட் எக்ஸ்சேஞ்சர் சீக்கிரம் விரிசல் விடும்.

இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். மற்ற கேஸ் சாதனங்களை நிறுத்திவிட்டு, ஃபர்னஸ் மட்டும் எரியும்போது மீட்டரில் 1 கன அடி முள் ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை விநாடி என்று பாருங்கள். 40,000 இன்புட்டுக்கு, கன அடிக்கு 1,030 பி.டி.யூ. என்றால், ஏறத்தாழ 93 விநாடி வர வேண்டும். உங்கள் கேஸின் சரியான மதிப்பு பில்லில் இருக்கும். 80 விநாடிக்குள் சுற்றிவிட்டால் கேஸ் அதிகம் எரிகிறது, ஆள் வண்டியில் ஏறும் முன் திருப்பிக் கூப்பிடுங்கள்.